படம் பிடித்த மூளையா, கணக்குப் போட்ட மூளையா?

கறுப்புப் பின்னணியில் சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் பட்டு நூல்களை அள்ளி முடிந்துவைத்தாற்போல ஒரு மனித மூளை. அந்தப் படத்தைக் காணாத வாசகர் இன்று அரிது. அறிவியல் சஞ்சிகைகளின் அட்டையில் தொடங்கிய அதன் பயணம், துண்டுப்பிரசுரங்கள் வழியாக வெள்ளவத்தை ஒழுங்கைகளின் மதில்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. "நடுமூளையைத் தூண்டுகிறோம்", "விரல்ரேகையைக் கொண்டு பிள்ளையின் மூளைத் திறனைக் கணிக்கிறோம்" என்ற வாசகங்களுக்கு மேலே அது அச்சிடப்படுகிறது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் உயர்தரத்துக்கும் ரியூசன் கட்டணம் கட்டிக் களைத்த பெற்றோர், அந்தப் படத்தைப் பார்த்ததும் பணப்பையைத் திறக்கிறார்கள். மூளையையே படம் பிடித்துவிட்டார்கள், இனி என்ன சந்தேகம் என்பது அவர்களது எண்ணம்.

அந்த எண்ணத்தில்தான் பிழை இருக்கிறது. அது புகைப்படம் அன்று, கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அதைக் காட்டி நடக்கும் வியாபாரமும் விளங்கிவிடும்.

நம் உடலில் உள்ள நீரின் மூலக்கூறுகள் ஒரு கணமும் ஓய்ந்திருப்பதில்லை. தடையேதும் இல்லாவிடில், உடல் வெப்பநிலையில் ஒரு நீர் மூலக்கூறு 50 மில்லிவிநாடியில் சராசரியாக 17 மைக்ரோன் தூரம் நகரும். மூளைக்குள் அதற்குத் தடைகள் உண்டு. நரம்பிழைகள் கற்றையாக ஓடும் இடத்தில், இழையின் நீளவாக்கில் நீர் எளிதாகப் பரவும். குறுக்காகப் பரவுவது கடினம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் கொண்டு இந்தப் பரவலை அளக்கலாம் என்பதை 1980களின் நடுப்பகுதியில் பிரான்சின் டெனிஸ் லெ பிஹான் காட்டினார். பரவல் எந்தத் திசையில் அதிகம் என்பதைக் கணிதவடிவில் பிடிக்கும் முறையை 1994இல் பீட்டர் பாசரும் லெ பிஹான் உள்ளிட்ட அவரது சகாக்களும் வெளியிட்டார்கள். அதன்பின் ஒரு புள்ளியின் திசையை அடுத்த புள்ளியின் திசையோடு கணினி தொடுத்துக்கொண்டே போனது. நாம் காணும் "நூல்கள்" பிறந்தது அப்படித்தான்.

ஆகவே இயந்திரம் நரம்பைப் பார்க்கவில்லை. நீரின் அசைவைப் பார்த்தது. நரம்பு இவ்வழியே போயிருக்கலாம் என்று ஊகித்தது கணினி. நிறங்களும் திசைக் குறியீடுகளே. சிவப்பு இடவலம், பச்சை முன்பின், நீலம் மேல்கீழ். அறிவுக்கு ஒரு நிறம், இசைக்கு ஒரு நிறம், கணிதத்துக்கு ஒரு நிறம் என்று யாராவது சொன்னால், அவருக்குப் படத்தை வாசிக்கத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் எண்ணுகிறார்.

அளவைப் பாருங்கள். சாதாரண வைத்தியசாலை ஸ்கானில் கணக்கின் மிகச் சிறிய அலகு, பக்கத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் கொண்ட ஒரு கனசதுரம். நரம்பிழையின் தடிப்போ மைக்ரோன் கணக்கில். பல இலட்சம் இழைகள் ஓடும் அந்தக் கனசதுரத்துக்குள் இரண்டு கற்றைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றனவா, தொட்டுத் திரும்புகின்றனவா, விசிறிபோல் விரிகின்றனவா என்பது பல வேளைகளில் ஒரே மாதிரித்தான் தெரியும். செய்தி இங்கிருந்து அங்கு போகிறதா, அங்கிருந்து இங்கு வருகிறதா என்பதையும் இந்த முறை சொல்லாது. காலி வீதியில் வாகனங்கள் ஓடுகின்றன என்று ஆகாயத்திலிருந்து சொல்லலாம்; எந்தப் பயணி எந்த வீட்டுக்குப் போகிறான் என்று சொல்ல முடியாது.

இவையெல்லாம் எதிரிகள் சொன்ன குறைகள் அல்ல. இத்துறையினரே தம்மைத் தாமே சோதித்துப் பகிரங்கப்படுத்தியவை. விடை முன்கூட்டியே தெரிந்த, 25 கற்றைகள் கொண்ட ஒரு செயற்கை மூளைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, பாதைகளை வரையச் சொன்னார்கள். 96 வரைபடங்கள் வந்தன. முடிவு 2017இல் 'நேச்சர் கொமியூனிக்கேஷன்ஸ்' இதழில் வெளியாயிற்று. பெரும்பாலான முறைகள் உண்மையான கற்றைகளில் 90 வீதத்தை ஓரளவுக்கேனும் கண்டுபிடித்தன. ஆனால் அதே வரைபடங்களில், உண்மையானவற்றைவிட இல்லாத கற்றைகளே அதிகமாக இருந்தன. அந்தப் பொய்க் கற்றைகளில் பாதி, வெவ்வேறு குழுக்களிடமும் ஒன்றுபோலத் தோன்றின. உலகின் தேர்ந்த ஆய்வுகூடங்களின் நிலை இதுவென்றால், ஸ்கான் இயந்திரமே இல்லாத ஒரு வாடகை அறையில், விரல்ரேகையை மையில் ஒற்றி, உங்கள் பிள்ளை வைத்தியராவானா பொறியியலாளனாவானா என்று சொல்லும் துணிச்சலை என்னவென்பது?

நடுமூளை என்பது மூளைத்தண்டின் ஒரு பகுதி. கண்ணசைவிலும் விழிப்புநிலையிலும் அதற்குப் பங்கு உண்டு. அது எல்லாப் பிள்ளைகளிடமும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. தூண்டிவிட வெளியார் எவரும் தேவையில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கும் வித்தை, மூக்கோரத்து இடைவெளியால் எட்டிப் பார்ப்பதே என்று மங்களூரின் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் இந்தியாவில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இதில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எட்டிப் பார்த்துவிட்டு, மூளையால் வாசித்தேன் என்று சொல்லப் பழகுகிறது ஒரு குழந்தை; அந்தப் பொய்க்கு அதன் பெற்றோரே கைதட்டுகிறார்கள்.

அப்படியானால் பரவல் எம்.ஆர்.ஐ. வெறும் வித்தையா? இல்லவே இல்லை. அதன் மெய்யான பெருமையை மறைப்பதாலேயே இந்த வியாபாரத்தின் மீது எனக்கு இத்தனை கோபம்.

1990இல் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனைகளில் செய்த ஆய்வு, மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் தடைப்பட்டால் அங்கே நீரின் பரவல் விரைவிலேயே குறைந்துவிடுவதைக் காட்டியது. சாதாரண சி.ரி. ஸ்கானில் ஆரம்ப மணித்தியாலங்களில் தெரியாமல் போகக்கூடிய பாரிசவாதத்தை, பரவல் எம்.ஆர்.ஐ. நிமிடங்களில் காட்டிவிடும். பெரிய இரத்தக்குழாய் அடைபட்ட பாரிசவாதத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளியானது. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழமையான கால எல்லை நாலரை மணித்தியாலம். மூளைக் கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை நிபுணர்களும், கைகால்களை இயக்கும் பாதை எங்கே ஓடக்கூடும் என்றறிய இந்த வரைபடத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் கத்தியை வைப்பதில்லை. தேவையான இடத்தில் மின்தூண்டலால் நேரடியாகச் சோதித்துக்கொள்கிறார்கள். அறிந்தவனின் பணிவு அது.

நமக்கு அருகே சென்னையிலும் அந்தப் பணிவின் சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், ஊகத்தோடு நின்றுவிடாமல் மூளையையே மெல்லிய சீவல்களாக வெட்டி, கல மட்டத்தில் பதிவுசெய்கிறது. கருவளர்ச்சியின் இரண்டாம் மும்மாதத்தைச் சேர்ந்த சிசு மூளைகளின் 5,132 வெட்டுகளை 'தரணி' என்ற பெயரில் 2024 டிசெம்பரில் வெளியிட்டு, உலக ஆய்வாளர் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்தது. ஸ்கான் கணக்கை உரசிப் பார்க்க இத்தகைய உரைகல்லே வேண்டும். தமிழர்கள் பெருமையோடு பேசத்தக்க மூளை வரைபடம் இது. நம்மவரில் எத்தனை பேர் இதைப் பற்றிப் பேசினோம்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. குண்டுவெடிப்பில் சிக்கிய 63 அமெரிக்கப் படையினரைப் பரவல் எம்.ஆர்.ஐ.யால் ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வெளியே காயம் தெரியாதவர்களிடமும் நரம்பிழைகள் சிதைந்திருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று தந்தது. கூடவே, படம் சரியாக இருப்பதால் பாதிப்பில்லை என்று கொள்ளலாகாது, நோயைத் தீர்மானிப்பது நோயாளியைப் பரிசோதிக்கும் வைத்தியரே என்றும் எச்சரித்தது. 2009 வரை வன்னியில் எறிகணைகளுக்கு நடுவே பதுங்குகுழிகளில் கிடந்து உயிர் தப்பியவர்கள் இன்று நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களது தீராத தலைவலியையும் மறதியையும் "யோசனை கூடிப்போச்சு" என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடுகிறோம். இந்த அறிவியல் யாருக்காவது கடன்பட்டிருக்கிறது என்றால் அவர்களுக்குத்தான். அவர்களிடம் கட்டணம் செலுத்தப் பணம் இல்லை. அதனால் அவர்களுக்காக எந்த மதிலிலும் சுவரொட்டி இல்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், மக்களைத் தவறாக வழிநடத்தும் வர்த்தகத்தைத் தடைசெய்கிறது. முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது. செய்ய ஆள்தான் இல்லை. விளம்பரப் பணத்துக்காக இந்த வகுப்புகளைப் "பயனுள்ள தகவல்" என்று பக்கம் நிறையப் போடும் தமிழ் ஊடகங்களும் வெட்கப்பட வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்றே உண்டு. அந்த வண்ணப்படத்தைக் காட்டி எவராவது பணம் கேட்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது யாருடைய மூளை? எந்த இயந்திரத்தில் எடுத்தது? என் பிள்ளையைப் பற்றி இதில் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு நேர்மையான விடை ஒன்றே: ஒன்றுமில்லை.