குச்சிக்கு எதுக்குங்க காசு?

ஒரகடம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுற சென்னைக்காரங்க, நர்சரியில 'பிலிப்பைன்ஸ் வயலட்' என்று அட்டை தொங்கும் ஒரு தொட்டிச் செடியை 150 ரூபாய் கொடுத்துத் தூக்கிட்டுப் போறாங்க. அபூர்வச் செடியாம். கிட்டப் போய்ப் பார்த்தால் நம்ம டிசம்பர் பூ.

பேரில் பிலிப்பைன்ஸ் இருக்கிறதே தவிர, இது இந்தியாவிலிருந்து தென் சீனா வரைக்கும் தானாக வளர்ற செடி. தாவர நூலில் பார்லேரியா கிறிஸ்டேட்டா. 1753-லேயே லின்னேயஸ் வைத்த பெயர். நாம அதுக்கு முன்னாடியே தலையில வச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்.

ஐப்பசி மழை விழுந்ததும் மொட்டு விடும், தை வரைக்கும் பூக்கும். ஊதா, வெள்ளை, ரோஸ், வெள்ளையில் ஊதாக் கோடு போட்டது என்று ஊரில் எல்லா நிறமும் இருந்தது. வாசனை கிடையாது. பறித்தால் சீக்கிரம் வாடிடும். அதனால பூ மார்க்கெட்டில் மல்லி, கனகாம்பரம் மாதிரி இதுக்கு விலை கிடையாது. விவசாயி நான், விலை இல்லாத பயிரை நிலத்தில் விட மாட்டேன். ஆனா கிணற்றடிக்கும் வேலி ஓரத்துக்கும் விலைக் கணக்கு கிடையாதே. அங்கேதான் இது பிழைத்தது. பக்கத்து வீட்டு நிறம் பிடித்திருந்தால் ஒரு போத்து ஒடிச்சுக்கிட்டு வந்து ஆடி, ஆவணி ஈரத்தில் ஊன்றுவாங்க. மூணு கணு மண்ணுக்குள்ள போனால் போதும், வேர் விட்டுடும். காய் காய்ந்து வெடித்து விதை தெறிச்சும் முளைக்கும். இப்படி ஒரு செடிக்குப் பஞ்சம் வருமா?

வந்திருக்கே. காரணம் வெயிலும் இல்லை, பூச்சியும் இல்லை. சாக்கடை வரைக்கும் வாசலுக்கு சிமெண்ட் போட்டாச்சு. மிச்சம் இருந்தா அதிலும் டைல்ஸ். காம்பவுண்டுச் சுவரோ ஆள் உயரத்துக்கு. எட்டிப் பார்த்து 'ஒரு குச்சி கொடுக்கா' என்று கேட்க வழியே இல்லை. புது பிளாட்டுகள்ல வேலிக்கு என்ன வைக்கிறாங்க? கோனோகார்பஸ். வேர் குழாய்க்குள்ள போகுது, மகரந்தம் மூச்சுக்கு ஆகாதுன்னு சொல்லி 2023-லேயே குஜராத் அரசு அதை நடத் தடை போட்டது. நம்ம ஆட்கள் அதை வரிசையா நட்டு, மாசாமாசம் கத்தரிக்க ஆளும் வைக்கிறாங்க.

டிசம்பர் பூச் செடி 'பார்க்க ஒழுங்கா இருக்காது' என்று ஒரு ஐயா என்கிட்ட சொன்னார். பூ முடிந்ததும் காய்ஞ்ச பூ மடலெல்லாம் முள்ளு முள்ளா நிற்கும், அது நிஜம்தான். மாசியில் முழங்கால் உயரத்துக்கு கவாத்து பண்ணுங்க, அடுத்த ஐப்பசிக்குப் புதுத் துளிர் நுனியெல்லாம் பூ. வருஷத்துக்கு ஒரு நாள் வேலை. உங்க புல்தரைக்கு தினமும் எத்தனை குடம் தண்ணி விடுறீங்கன்னு கேட்டேன். பதில் வரலை.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குற விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தாங்க. ஃபோன் கம்பெனி வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைங்க. இந்த வட்டாரத்தில் தங்கியிருக்கும் அப்படிப்பட்ட பிள்ளைங்க ரெண்டு பேர் கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வேலி ஓரம் நின்னாங்க. 'பெரியப்பா, எங்க ஊட்லயும் இந்த ஊதா இருக்குது, ரெண்டு பூ பறிச்சுக்கட்டா?' செடிக்குப் பேர் சொல்ல அட்டை தேவைப்படலை அதுங்களுக்கு. மடி நிறையப் பறிச்சுக்கிட்டுப் போச்சுங்க.

நீங்களும் வாங்க. நர்சரிக்குப் போகாதீங்க, இந்த ஊரில் எந்தப் பழைய வீட்டு வேலி ஓரத்திலும் நின்னு கேளுங்க, கொடுப்பாங்க. ஆடி மழைக்கு அப்புறம் வந்தா எங்க வீட்லயே நாலு நிறத்திலும் போத்து வெட்டித் தர்றேன். வரதுக்கு முன்னாடி உங்க வாசல் சிமெண்டில் ஒரு முழம் உடைச்சு வச்சிட்டு வாங்க.