மலாக்கா நீரிணை நேராக இருக்குமா?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு ஆங்கில வகுப்பில் நிலவடிவங்கள், நீர்நிலைகள் பற்றிய சொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'ஸ்ட்ரெயிட்' என்ற சொல் வந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், மலாக்கா கடல் நேராக இருக்குமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர் என்ற பொருள் தரும் சொல்லும் நீரிணையைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஒலிப்பு உடையவை, எழுத்தில்தான் வேறுபாடு. காதால் மட்டும் கேட்ட பிள்ளை வேறு எப்படி நினைப்பான்?

'செலாட் மலாக்கா' என்றேன், புரிந்துகொண்டான். 'நீரிணை' என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி, "நீரை நீரோடு இணைப்பதா டீச்சர்?" என்றாள். அகராதிகூட இத்தனை சுருக்கமாகச் சொல்லாது!

ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. இடைநிலைப்பள்ளியில் தம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற அச்சம் அது. ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். படத்தைக் காட்டுவது, சொல்லை எழுத வைப்பது, எழுத்துக்கூட்டல் சோதனை வைப்பது என்று பல ஆண்டுகள் ஓட்டினேன். 'பெனின்சுலா' என்பதைப் பிழையின்றி எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கிய மாணவனிடம், "அப்படி ஒன்றை நீ பார்த்திருக்கிறாயா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லை" என்றான். அவன் வாழ்வதே தீபகற்ப மலேசியாவில்! அன்று தோற்றது அவனல்லன்.

'இஸ்மஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். நடுவில் இரண்டு எழுத்துகள் பெரும்பாலும் ஒலிப்பதே இல்லை. வடிவத்தைக் கொண்டு பொருளையும் ஊகிக்க இயலாது. தமிழிலோ பூசந்தி. இரு நிலங்களைச் சந்திக்க வைக்கும் ஒடுங்கிய நிலம். நம் தீபகற்பத்தை ஆசியப் பெருநிலத்தோடு இணைக்கும் கிரா பூசந்தியை வரைபடத்தில் காட்டி, நீரிணையையும் பூசந்தியையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டால், ஆங்கிலச் சொற்கள் இரண்டும் மனத்தில் தங்கிவிடுகின்றன. 'கேப்' என்றால் சூப்பர்மேன் தோளில் தொங்கும் துணி என்றே என் மாணவர்கள் நினைத்திருந்தனர். 'தஞ்சோங்' என்றதும் குழப்பம் தீர்ந்தது.

மலைக்குக் கால் வைப்பதில் மூன்று மொழிகளுக்கும் ஒற்றுமை இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் மலையின் பாதம், மலாயில் 'காக்கி புக்கிட்', நமக்கு மலையடிவாரம். ஆற்றுக்குப் படுக்கை உண்டு என்ற ஆங்கிலத் தொடரைக் கேட்டு நகைத்த பிள்ளைகள், 'ஆற்றுப்படுகை' என்று எழுதிக் காட்டியதும் வாயடைத்துப் போயினர்.

ஆனால் நம்மிடமும் குறை உண்டு. ஆங்கிலமும் மலாயும் சிறியதையும் பெரியதையும் வேறுபடுத்துகின்றன. 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை 'புக்கிட்'. 2,187 மீட்டர் உயரமுள்ள தகான் 'குனோங்'. நாமோ இரண்டையும் மலை என்றே சொல்லிவிடுகிறோம். குன்று என்ற சொல் பாடநூலில் உறங்குகிறது. அருவி என்ற அழகிய சொல் இருக்க, நீர்வீழ்ச்சி என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறோம். வீட்டில் நாம் புழங்காத சொல்லைப் பள்ளியில் நான் எதனோடு இணைத்துக் காட்டுவது?

விடுமுறையில் போர்ட்டிக்சன் பக்கம் செல்வோர் தஞ்சோங் துவானுக்கும் போய் வாருங்கள். கீழே தெரியும் கடலையும் காலடியில் இருக்கும் நிலத்தையும் காட்டி, "இவற்றுக்கு என்ன பெயர்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். மூன்று மொழிகளிலும் விடை வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள்.