வித்துராவில் வீடா? பள்ளியை முதலில் விசாரியுங்கள்!

திருவனந்தபுரம் நகர வாடகையைக் கட்டி மாளாத தமிழ்க் குடும்பங்களின் பார்வை நெடுமங்காட்டுக்கு அப்பால் மலையடிவாரத்துக்குச் செல்வது இயல்பே. பொன்முடி செல்லும் வழியிலுள்ள வித்துராவில் ரப்பர் நிழல், ஆற்றுநீர், இரைச்சலற்ற தெரு எல்லாம் உண்டு. நிலத் தரகர்கள் இவற்றோடு இரண்டு பெரிய பெயர்களையும் சேர்த்தே விலை பேசுகின்றனர். ஒன்று, 2008இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம். மற்றது, சேட்டச்சலில் உள்ள ஜவாஹர் நவோதயா வித்யாலயம்.

இரண்டுமே நல்ல நிறுவனங்கள்தாம். ஆனால் பக்கத்தில் வீடு வாங்குவதால் என்ன லாபம்? முதலாவது பட்டப் படிப்புக்கானது. அகில இந்தியத் தேர்வு எழுதியே சேர வேண்டும். அடுத்த தெருக்காரர் என்று எவருக்கும் இடம் கொடுப்பதில்லை. நவோதயாவோ உண்டு உறைவிடப் பள்ளி. 6ஆம் வகுப்பில் தேர்வு மூலம் சேரும் பிள்ளை விடுதியில்தான் தங்க வேண்டும். வாசலில் வீடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையில் பிறந்த நவோதயாவைத் தமிழ்நாடு மும்மொழிப் பிரச்னையால் ஏற்கவில்லை. ஆகவே ஊரிலிருந்து வரும் உறவினருக்கு அதன் விதிகள் தெரிந்திருக்காது. குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அதைக் கோருவோர் 3, 4, 5ஆம் வகுப்புகளைக் கிராமப் பகுதிப் பள்ளியிலேயே முழுமையாகப் படித்திருக்க வேண்டும். அந்த மூன்றாண்டுகளில் ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்தாலும் நகரப் பிள்ளை என்றே கணக்கு.

தமிழருக்குச் சிக்கல் இங்கேதான். தமிழ் படிக்க வேண்டுமென்று பிள்ளையைச் சாலை அரசுத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் அது நகரப் பள்ளி; கிராம ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். வித்துரா பஞ்சாயத்துப் பள்ளியில் சேர்த்தால் ஒதுக்கீடு உண்டு, தாய்மொழி வீட்டோடு நின்றுவிடலாம். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை சேராத இடத்தில் அந்த வரி ஏட்டளவே. 2017ஆம் ஆண்டுக் கேரளச் சட்டப்படி 10ஆம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். இங்கே பிழைக்க வந்தவர்க்கு அது வேண்டியதுதான், குறை சொல்வதற்கில்லை.

போணக்காடு தேயிலைத் தோட்டத்துத் தமிழர் இதை எந்தத் தரகரும் சொல்லாமலே அறிந்தவர்கள். தோட்டத்தில் கூலி நின்று, லயங்கள் இடிந்த பின்னும் அங்கே தங்கியவர்களின் பிள்ளைகள் உயர் வகுப்புக்குக் காட்டுப்பாதையில் வித்துராவுக்கு இறங்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வித்துரா காற்று வாங்கும் இடமல்ல. பள்ளியும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் உள்ள ஊர்.

நகரில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கும் உண்டு. வித்துராவுக்கு ரயில் கிடையாது. தம்பானூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஷிப்ட் வேலைக்காரர் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு, முன்பணம் கொடுக்குமுன், நடந்து போகும் தூரத்திலுள்ள அரசுப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் சென்று, தமிழ் கற்பிக்க ஆசிரியர் உண்டா என்று தலைமையாசிரியரிடமே கேட்க வேண்டும். பிள்ளை 3ஆம் வகுப்புக்கு வருமுன் கேட்க வேண்டிய கேள்வி இது.