பலகையில் ஒரு பெயர், உரிமத்தில் ஒரு பெயர்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் அம்பேபுஸ்ஸையிலிருந்து திருகோணமலை போகும் ஏ6 வீதியும் தம்புள்ளையில் சந்திக்கின்றன. 1999இல் பொருளாதார மத்திய நிலையம் திறந்த பிறகு இங்கே இரவும் பகல்தான். லொறிச் சாரதிகள், மூட்டை தூக்கும் நாட்டாமிகள், மரக்கறி முதலாளிமார், குகை விகாரை பார்க்க வரும் வெள்ளைக்காரர் என்று இத்தனை தலைகள் வந்துபோகும் ஊரில் சலூனுக்கு ஆள் தேடித் திரிய வேண்டியதில்லை. கொழும்பிலோ சென்னையிலோ பெயரெடுத்த சலூன் ஒன்றின் கிளையை எடுத்து நடத்தலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டால் அதில் பிழை இல்லை. “பேப்பர் வேலையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்று அவர் நம்பத் தொடங்கும்போதுதான் பிழை வருகிறது.

கம்பெனி தருவது பெயர், நிறம், நாற்காலியின் வடிவம், பயிற்சி, விலைப்பட்டியல். சென்னையில் 2000ஆம் ஆண்டு வீணாவும் சி.கே. குமாரவேலும் ஒரே ஒரு கடையாகத் தொடங்கிய ‘நேச்சுரல்ஸ்’, நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பெருகியது இந்த பிரான்சைஸ் முறையால்தான். இடத்துக்கு வாடகை கொடுப்பதும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதும் அந்தந்த ஊரில் கிளை எடுத்தவர். அதே கணக்கில், சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

தம்புள்ளையில் அந்தச் சட்டம் மாநகர சபையிலிருந்து தொடங்குகிறது. கடை நகர எல்லைக்கு வெளியே என்றால் பிரதேச சபை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947இல் வந்தது. சலூனை அது பேக்கரி, சாப்பாட்டுக் கடை, சலவை நிலையம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாத தொழில்கள் அவை. கட்டணம் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியைப் பொறுத்தது. மாநகர சபையில் அதன் உச்சம் 5,000 ரூபாய், பிரதேச சபையில் 1,000. பெயருக்காகக் கம்பெனிக்கு இலட்சக்கணக்கில் கொட்டியவர், இந்தச் சில்லறைக் காசு உரிமத்தை “பிறகு பார்ப்போம்” என்று தள்ளிவைப்பது விசித்திரம். கடையைப் பூட்டச் சொல்லும் வலு அந்தச் சில்லறைக்கு இருக்கிறது.

உரிமத்துக்கு முன்னால் பொதுச் சுகாதார பரிசோதகர் வருவார். அவருக்கு இத்தாலிய நாற்காலியில் அக்கறை இல்லை. நிலம் கழுவக்கூடியதா, வெட்டிய முடி மூடியுள்ள தொட்டிக்குள் போகிறதா, ஒருவருக்குப் போர்த்திய துவாய் துவைக்காமலே அடுத்தவர் கழுத்துக்குப் போகிறதா என்றுதான் பார்ப்பார். பிளேட்டைக் கடதாசியோடு பிடித்து இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவது நம் சலூன்களின் பழைய கைவேலை. ஆளுக்கு ஒரு பாதி என்றால் பிரச்சினை இல்லை. பிளேட் மாறினாலும் மாறாத ஒன்று மேசையில் கிடக்கும்: படிகாரக் கட்டி. சவரம் முடிந்து இரத்தம் கசியும் கன்னத்தில் தேய்த்த அதே கட்டி, ஈரம் காயும் முன் அடுத்த கன்னத்துக்குப் போகும். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கம்பெனியின் பயிற்சிப் புத்தகம் தாடிக்கு எட்டு மாதிரி சொல்லித் தரலாம். இந்தக் கட்டியைப் பற்றிச் சொல்கிறதா என்பதைக் கிளை எடுப்பவர் முதலிலேயே புரட்டிப் பார்ப்பது நல்லது.

இலங்கையில் உரிமம் கடைக்கு. கத்தி பிடிக்கும் கைக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. விரும்பியவர் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். ஜப்பானில் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி முடிதிருத்துநருக்கே அரச உரிமம் வேண்டும், கடையும் திறக்கும் முன் பரிசோதிக்கப்பட வேண்டும். அங்கே 1996இல் ‘கியூபி ஹவுஸ்’ என்ற சங்கிலிக் கடை பத்து நிமிடம், ஆயிரம் யென் என்று வந்தது. தலை கழுவுவது கிடையாது, முடித் துகளைக் குழாய் வைத்து உறிஞ்சிவிடுவார்கள். பழைய கடைக்காரர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. தலை கழுவும் தொட்டி கட்டாயம் என்று பல மாகாணங்கள் விதி கொண்டுவந்தன. அது சுகாதாரமா, போட்டியை மடக்கும் வழியா என்ற சந்தேகம் நியாயமானதே. எப்படியிருந்தாலும், ஊர் விதி ஒன்று மாறினால் கம்பெனியின் வரைபடமும் மாறவேண்டியிருக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். பிரான்சைஸுக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க 14 நாளுக்கு முன்பே கம்பெனி தன் வரவு செலவு, வழக்கு விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். இங்கே கேட்டால்தான் உண்டு. கைகொடுப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். வியாபாரக் குறி ஒன்று சென்னையில் பதிவாகியிருப்பதால் கொழும்பில் செல்லுபடியாகிவிடாது. இங்குள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திலும் பதிவு வேண்டும், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதைச் சரிபார்க்காமல் காசு கட்டுகிறவர் உறுதி பார்க்காமல் காணி வாங்குகிறவர் போலத்தான். பிரதேச செயலகத்தில் செய்யும் வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, இது வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைச் சமாளிக்க முடியாது.

ஆட்களின் கணக்கு அடுத்தது. சலூனில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, வெட்டிய தலைக்கு இத்தனை வீதம் என்று பங்கு. பங்குக்காரர் ஊழியர் இல்லை என்று நினைப்பது பரவலான வழக்கம், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகி, 2026 ஜனவரி முதல் 30,000 ஆகியிருக்கிறது. கம்பெனி இந்தியாவிலிருந்து அனுப்பும் ‘மாஸ்டர்’ சுற்றுலா விசாவில் வந்து கத்தரிக்கோல் பிடித்தால் அதுவும் குற்றம்.

உரிமம் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதியும் காலாவதியாகும். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ இருக்கலாம், சபைக்கு அது பொருட்டல்ல. சலூனில் குறை கண்டு வழக்குத் தொடர்ந்தால் அழைப்பாணை வருவதும் உரிமத்தில் இருக்கும் பெயருக்கே. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்: கம்பெனி கொடுத்த பொருளாலோ முறையாலோ சுகாதார விதி மீறப்பட்டால் தண்டப்பணத்தில் பங்கு யாருக்கு? கேட்டதும் கம்பெனி ஆள் சிரித்தபடி வேறு பேச்சுக்குப் போனால், முற்பணத்தை அன்றே எண்ணிக் கொடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.