ஆஸ்பத்திரி வாசலோடு தீர்ந்ததா கடமை?



"நடக்கப் பழக்கித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் நடப்பதும் படுப்பதும் அவரவர் பாடு. சோம்பேறிகளுக்குச் சங்கம் வக்காலத்து வாங்க வேண்டாம்." சென்ற மாதப் பேச்சுவார்த்தையில் ஒரு தோட்ட நிர்வாகத்தின் பிரதிநிதி நம் கிளைத் தோழர்களிடம் சொன்ன சொல் இது. சொன்னவர் பெயர் நமக்கு வேண்டாம். சொல்லுக்குப் பதில் வேண்டும்.

யாரைச் சோம்பேறி என்கிறார்? இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு 400, 500 மரங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து, காண்டாவைத் தோளில் ஏற்றி மேடும் பள்ளமுமாகப் பால் சுமந்த ஓர் அம்மாளை! 31 ஆண்டுகள் வெட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. ஆறு வாரம் பயிற்சி பெற்று, கோலூன்றி, தாமே நடந்து வீட்டுக்கு வந்தார். தோட்டமே பார்த்து மகிழ்ந்தது. நான்கு மாதம் கழித்து நாம் போனபோது, கட்டிலை விட்டு அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது.

அந்த வீட்டை நிர்வாகத்தார் ஒருமுறை வந்து பார்க்கட்டும். வாசலில் மூன்று படி; பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. முன்புறம் மழை பெய்தால் சேறு. கக்கூஸ் பின்னால், போகும் வழியில் பாசி பிடித்த சிமெண்டுத் தரை. பயிற்சிகளை அச்சடித்துக் கொடுத்த தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. சாமி படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள்! மகளுக்கு விடியற்காலையில் தொழிற்சாலை பஸ். பேரன் பள்ளிக்கூடம். பகலெல்லாம் அம்மாள் தனி. விழுந்தால் தூக்க ஆளில்லை என்பதால், "நாங்கள் வரும்வரை எழுந்திராதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதுவா சோம்பல்?

படுக்கை என்ன செய்யும் என்பதும் தெரியாத விஷயமல்ல. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் நொடி இல்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்துபோயிற்று. நோயில்லாதவருக்கே இந்தக் கதி. ஒரு பக்கம் விழுந்தவர் நான்கு மாதம் கிடந்தால்? உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடலசைவு. நாளைக்கு 20 நிமிடத்துக்குச் சற்றே அதிகம். உடற்குறை உள்ளவர்களுக்கும் அதே அளவைத்தான் சொன்னது. முடியாதவர் முடிந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம், கொஞ்சமும் நன்மையே என்றும் சேர்த்தே சொன்னது.

1971இல் சொக்சோ வந்தது. 2014இல் மலாக்காவில் துன் அப்துல் ரசாக் பெயரில் மறுவாழ்வு மையம் திறந்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஆஸ்பத்திரியில் தங்கும் நோயாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பள விடுப்பும் உண்டு. ஆனால் மையத்து இணைகம்பிகள் தோட்டத்து வீட்டுக்குக் கூட வருமா? அங்கே ஊட்டிய பலத்தை இங்கே மூன்று படிகள் தின்றுவிடுகின்றன. அந்தப் படி யாருடையது? தோட்ட வீட்டின் குறைந்தபட்ச வசதிக்கு முதலாளியே பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீடு நிர்வாகத்தினுடையது என்றால் படியும் நிர்வாகத்தினுடையதே!

நம் பக்கத்துக் குறையையும் மூடி மறைக்கப் போவதில்லை. பாசத்தால் கெடுப்பவர்கள் நாம். தண்ணீர்க் குவளை கைக்கு வரும், சோறு வாய்க்கு வரும், நோயாளி அசையக்கூடாது! அந்த அம்மாளால் வெங்காயம் உரிக்க முடியும், துணி மடிக்க முடியும், செய்ய விடுவாரில்லை. ஆண்களோ, "ஆயுசெல்லாம் நடந்த காலுக்கு இனி என்ன பயிற்சி?" என்று வீறாப்புப் பேசுகிறார்கள். மரத்துக்கு மரம் நடந்த நடை அன்றைய சம்பளத்தோடு செலவாகிவிட்டது, அண்ணே! நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது போன்றவற்றுக்குக் காசு வேண்டாம். பயிற்சி கொடுத்தவர் சொன்ன அளவை மீறாமல், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க, காலையும் மாலையும் செய்தால் போதும்.

அந்த ஓர் ஆளுக்குக் கிளை ஏற்பாடு செய்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் நால்வர் முறை வைத்துக்கொண்டு போகிறார்கள். தாளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. மாலை ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்துச் சமதரையில் நடை. மூன்றாம் வாரம் அம்மாள் தூணுக்குத் தூண் போய்வந்தார். வீட்டுப் படியில் மட்டும் இன்னும் தூக்கித்தான் இறக்குகிறார்கள்.

கைப்பிடிக் கம்பி போடவும், பின்கட்டுத் தரையைச் சொரசொரப்பாக்கவும் மனுக் கொடுத்து மூன்று மாதமாகிறது. இரும்புக் குழாய் இரண்டு, சிமெண்டு ஒரு மூட்டை, கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி. பதிலில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் இதையே முதல் விஷயமாக வைக்கிறோம். அந்தப் பிரதிநிதி வரட்டும். அம்மாளும் கோலூன்றி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.