சுவர் இடிந்த ஆலயம்

நம் நாட்டுப்புறங்களிலே பழமையான பங்கு ஆலயங்கள் பல உண்டு. அவற்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் தேடுவது ஆண்டுக் கணக்கையே. அடிக்கல் நாட்டிய ஆண்டு எது, கோபுரத்தின் உயரம் எத்தனை அடி, மணி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பனவே விழா மலர்களில் பங்கு வரலாறாக அச்சேறுகின்றன. கல்லின் வயதை அறிவது நன்றே. ஆனால் ஆலயம் என்பது கல் மட்டுமன்று. அங்கே கூடும் மக்களே ஆலயம். அம்மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சொல்லாத வரலாறு பாதி வரலாறே என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக, நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம் என்னும் ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

இயேசு சபைக் குருக்களின் பழைய பணித்தளங்களுள் ஒன்று வடக்கன்குளம். திருவிதாங்கூர் மன்னரின் பணியில் இருந்த நீலகண்டர், குளச்சல் போரில் 1741ஆம் ஆண்டு சிறைப்பட்டு, பின் அம்மன்னரிடமே தளபதியான டி லனாய் என்பாரிடம் கிறிஸ்து நாதரைப் பற்றிக் கேட்டறிந்தார். 1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் வடக்கன்குளத்திலே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறந்த குலத்தின் உயர்வைப் பாராட்டாமல் எல்லாரோடும் கலந்து பழகினார். அது பலருக்குப் பொறுக்கவில்லை. சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் என்னும் பெருமை அவருக்கு வந்தது. அவருடைய பெயரோடு முன்பு ஒட்டியிருந்த சாதிப் பெயரும் அப்போது விடப்பட்டது.

இத்தகைய ஊரில் ஆலயம் எப்படி இருந்திருக்க வேண்டும்? எப்படி இருந்தது என்று கேளுங்கள்! 1872ஆம் ஆண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயம், பீடத்தில் ஒன்று கூடி, அங்கிருந்து இரு கிளையாகப் பிரிந்து செல்லும் இரட்டை ஆலயமாகக் கட்டப்பட்டது. மேலேயிருந்து நோக்கினால் இரு கால்களை உடைய காற்சட்டையைப் போல் தோன்றும். ஒரு கிளையில் வேளாளரும், மறு கிளையில் நாடார் முதலான பிறரும் அமர்ந்தனர். நடுவே சுவர். இரு சாராரும் ஒரே குருவைக் கண்டனர். ஒரே பலியில் பங்கு கொண்டனர். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. தேவசகாயம் உயிர் நீத்து 120 ஆண்டுகளுக்குப் பின், அவர் ஞானத்தாயின் மடியில் பிறந்த ஊரிலேயே இந்நிலை!

அந்தச் சுவர் தானாக விழவில்லை. அங்குப் பணியாற்றியவரும், 1903ஆம் ஆண்டிலே திரு இருதய சகோதரர் சபையைத் தோற்றுவித்தவருமான கௌசானல் அடிகளார், 1910ஆம் ஆண்டில் அதை இடித்தார். எதிர்ப்பு எழுந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பேரால் ஆலயத்திலே தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆண்டவர் இல்லத்திலே யாவரும் சமம் என்பதை நீதிமன்றத்திலும் நிலைநாட்ட வேண்டியிருந்ததே என்று நாணுவதா? அல்லது அதற்காக எழுந்த எதிர்ப்பைத் தாங்க ஒருவராவது முன்வந்தாரே என்று மகிழ்வதா? இரண்டும் செய்ய வேண்டும் என்பேன்.

"பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்? நல்லவற்றை மட்டும் எழுதினால் போதாதா?" என்று பெரியவர் சிலர் கேட்பர். அவர்கள் கவலை நியாயமானதே. ஊரில் மன வருத்தம் வரலாகாது என்ற நல்லெண்ணம் அது. ஆயினும் மூடி வைத்த புண் ஆறுவதில்லை. சுவர் இருந்ததை மறைத்தால், அதை இடித்தவரின் துணிவையும் சேர்த்தே மறைக்கிறோம். குறையை எழுதாத பங்கு வரலாற்றில் திருந்தியதற்கும் இடமில்லாமல் போகும்.

மேலும், கற்சுவர் இடிந்தால் மனச்சுவரும் இடிந்ததாகுமா? ஒரு பங்கின் ஒற்றுமையைக் கோபுரத்தின் உயரத்தால் அளக்க முடியாது. சிறு சிறு காரியங்களே அதைக் காட்டும். திருநாளில் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? அசனத்திலே எல்லாரும் ஒரே பந்தியில் அமர்கிறார்களா? சமைப்பவர் யார் என்று பார்த்து எவரேனும் எழுந்து போகிறார்களா? பீடத்தில் வாசகம் வாசிக்கவும், பாடற்குழுவில் பாடவும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அழைப்பு உண்டா? கல்லறைத் தோட்டத்திலே எல்லாருக்கும் ஒரே மண்தானா? இக்கேள்விகளுக்கு "ஆம்" என்று சொல்லக்கூடிய பங்கு, ஓலைக் கூரையின் கீழ் இருந்தாலும் பேராலயமே. சொல்ல முடியாத பங்கு, முந்நூறு ஆண்டு கண்டிருந்தாலும் இன்னும் கட்டி முடியாத ஆலயமே.

அன்புத் தோழியரே, இதிலே நமக்கும் பணி உண்டு. பல ஊர்களிலிருந்து வந்து ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கிறோம். ஒருவர் உணவை மற்றவர் பகிர்ந்து உண்கிறோம். பள்ளியில் எளிதாக நடப்பது ஊரில் மட்டும் ஏன் அரிதாக வேண்டும்? வரும் விடுமுறையிலே உங்கள் பாட்டிமாரிடமும், ஊர் உபதேசியாரிடமும் உங்கள் ஆலயத்தின் கதையைக் கேளுங்கள். மணி எப்போது வந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், யார் எங்கே அமர்ந்தனர், யார் வெளியே நின்றனர், அந்த வழக்கம் எப்போது மாறியது, மாற்றியவர் யார் என்றும் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டிலே எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது, "அதெல்லாம் உனக்கெதற்கு?" என்று தட்டிக் கழிக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நம் முன்னோர் எழுப்பிய ஆலயங்களுக்கு நாம் வாரிசுகள். அவர்கள் எழுப்பிய சுவர்களுக்கும் வாரிசாக வேண்டியதில்லை. ஆலயத்தைக் காப்போம், சுவர் எங்கே எஞ்சியிருந்தாலும் அதை இடிப்போம்.