சட்டம் இட்ட கறை

நோயாளியை ஒதுக்கும் வழக்கம் அறியாமையில் பிறப்பது என்றும், மருத்துவ அறிவு பரவப் பரவ அது தானே தேய்ந்துவிடும் என்றும் பொதுவாக நம்பப்படுகிறது. விழிப்புணர்வுப் பேரணிகளும் துண்டறிக்கைகளும் பெரும்பாலும் இந்த நம்பிக்கையின் மேல் எழுந்தவையே. ஜப்பான் தன் தொழுநோயாளிகளை நடத்திய வரலாறு இந்த நம்பிக்கைக்கு இடம் தருவதாக இல்லை. நோயைக் குணப்படுத்தும் மருந்து கைக்கு வந்த பின்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே கட்டாயத் தனிமைச் சட்டம் நீடித்தது. அதை நீடிக்கச் செய்தவர்களில் முன்னின்றவர்கள் அந்நோயை நாட்டிலேயே மிக நன்கறிந்த மருத்துவர்கள்.

தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். அது தோலையும் புற நரம்புகளையும் தாக்கி, உணர்ச்சியை மரத்துப்போகச் செய்கிறது. விரல்கள் சிதைவதற்குப் பெருங்காரணம், வலி தெரியாததால் கவனிக்கப்படாமல் போகும் காயங்களும் தீப்புண்களுமே. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. இவ்வளவு மெதுவாகவும் அரிதாகவும் தொற்றும் ஒரு நோய்க்கு, 1907-இல் ஜப்பான் தனிச் சட்டம் இயற்றியது. கோயில் வாயில்களிலும் சாலைகளிலும் அலைந்து திரிந்த நோயாளிகளை அகற்றுவதே அதன் நோக்கம். மேலைநாட்டார் பார்வையில் தலைகுனிவு நேரும் என்ற கவலை அதன் பின்னே இருந்தது. 1931-இல் சட்டம் விரிவாக்கப்பட்டு, வீட்டிலிருந்தபடி வாழ்ந்த நோயாளிகளும் அதன் பிடிக்குள் வந்தனர்.

இதே காலத்தில் தத்தம் மாவட்டத்தில் ஒரு நோயாளிகூட இல்லை என்று காட்டும் இயக்கம் மாவட்டந்தோறும் நடத்தப்பட்டது. அண்டை வீட்டார் தகவல் கொடுத்தனர், காவலர் வந்தனர், நோயாளி தொழுநோய்க் காப்பகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார், வீடு முழுவதும் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. நோய் எளிதில் பரவாதது என்று எத்தனை நூல்கள் சொன்னாலும், தெருவே பார்க்க நடந்த அந்தத் தெளிப்பு ஊராருக்கு வேறொன்றைக் கற்பித்தது. அவ்வீட்டில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ அதன்பின் எவரும் முன்வரவில்லை. பழைய நம்பிக்கைகளில் தொழுநோய் முன்வினைப் பயனாகவும் குலத்தின் குறையாகவும் கருதப்பட்டது உண்மையே; எனினும், ஒரு குடும்பத்தை முழு ஊரும் அஞ்சும்படி செய்தது அந்த நம்பிக்கையைவிட அரசின் இந்நடவடிக்கைதான் என்பதை மறுப்பது கடினம்.

காப்பகங்களுக்குள் நுழைந்த பலர், குடும்பத்துக்குப் பழி வராமலிருக்கத் தம் பெயரையே மாற்றிக்கொண்டனர். அங்கே திருமணம் அனுமதிக்கப்பட்டது, ஆனால் 1915 முதல் கருத்தடை அறுவைக்கு உடன்படுவது அதற்கு நிபந்தனையாக்கப்பட்டது. 1948-இன் இனமேம்பாட்டுச் சட்டம் தொழுநோயைப் பெயர் குறிப்பிட்டே அதற்குச் சட்ட வடிவம் தந்தது. ஆவணங்களில் இது நோயாளியின் ஒப்புதலோடு நடந்ததாகவே பதிவாகியிருக்கிறது. வெளியேற வழியில்லாத மதிலுக்குள் துணையையோ சந்ததியையோ இழக்கச் சொல்லிவிட்டுப் பெறும் கையெழுத்தை ஒப்புதல் என்பது சொல்லுக்கே இழைக்கும் அநீதி. அடங்காதவர்களைத் தண்டிக்கும் அதிகாரமும் காப்பகத் தலைவர்களிடம் இருந்தது. பனி மிகுந்த குசாட்சுவில் 1938 முதல் 1947 வரை இயங்கிய தனிச் சிறையில் அடைக்கப்பட்ட 93 பேரில் 23 பேர் இறந்தனர்.

இவை அனைத்துக்கும் எதிராக ஒரு குரல் எழுந்தது. கியோத்தோ பேரரசுப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய ஒகசவாரா நொபோரு, பௌத்தக் கோயில் குடும்பம் ஒன்றில் பிறந்த தோல்நோய் மருத்துவர். தொழுநோய் தீராதது, பரம்பரையாக வருவது, கடுமையாகத் தொற்றுவது என்ற மூன்றும் மூடநம்பிக்கைகள் என்று 1931-இல், அதாவது சட்டம் இறுகிய அதே ஆண்டில், அவர் எழுதினார். நோயாளிகளைப் புறநோயாளிகளாக வைத்தே மருந்தளித்தார். தனிமைக்கு இழுத்துச் செல்லப்படாமலிருக்க, மருத்துவக் குறிப்பில் வேறு நோயின் பெயரை எழுதிக் காத்ததும் உண்டு. 1941-இல் ஒசாகாவில் கூடிய ஜப்பானியத் தொழுநோய்ச் சங்கத்தில் அவர் கருத்து கடுமையாகத் தாக்கப்பட்டு மறுதலிக்கப்பட்டது. மாறாக, தனிமைக் கொள்கையின் தூணாக விளங்கிய மருத்துவர் மிட்சுதா கென்சுகேக்கு 1951-இல் நாட்டின் உயரிய பண்பாட்டு விருது வழங்கப்பட்டது.

ஒகசவாரா எல்லாவற்றிலும் சரியாகச் சொன்னார் என்பதற்கில்லை. நோய் பற்றுவதில் உடல்வாகுக்கு அவர் அளித்த அளவுகடந்த முதன்மையைப் பிற்கால ஆய்வு அப்படியே ஏற்கவில்லை. ஆகவே, பலர் மறுத்த கருத்து என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடும் என்று வாதிட இவ்வரலாறு உதவாது. தடுப்பூசியை மறுப்போர் தம்மை இத்தகையோர் வரிசையில் நிறுத்திக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கவனிக்கத்தக்கது வேறு. அவருடைய கூற்று சோதிக்கக்கூடியதாக இருந்தது. ஊரில் வாழ்ந்தபடி சிகிச்சை பெற்ற அவருடைய நோயாளிகளே அதற்குச் சான்று. அந்தச் சான்றைச் சோதிப்பதை விடுத்து, தேசக் கொள்கைக்கு ஊறு செய்பவர் என்ற பழி அவர் மேல் சுமத்தப்பட்டது. நோயாளியின் மேல் படிந்த கறை, அவருக்காகப் பேசிய மருத்துவரின் மேலும் படிந்தது.

அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனை புரோமின் என்னும் சல்ஃபோன் மருந்தின் பயனை 1943-இல் அறிவித்தது. போருக்குப் பின் ஜப்பானிலும் அது கிடைத்தது. ஆயினும், உண்ணாநோன்பிருந்தும் நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்தும் நோயாளிகள் எதிர்த்த நிலையில், 1953-இல் கட்டாயத் தனிமை புதிய சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு குமமோத்தோ நகரில், நோயே இல்லாத, நோயாளிகளின் பிள்ளைகள் என்பதால் மட்டும் அறியப்பட்ட சிறுவர்கள் தொடக்கப் பள்ளியில் சேர வந்தபோது, மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். கறைபட்டவரோடு உறவுள்ளவரும் கறைபட்டவராகவே பார்க்கப்படுவதைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சட்டம் நோயாளியைத்தான் பெயர் சுட்டியது. சமூகம் அந்தச் சுட்டுதலைக் குடும்பம் முழுவதற்கும் நீட்டிக்கொண்டது.

சட்டம் நீக்கப்பட்டது 1996-இல். குமமோத்தோ நீதிமன்றம் 2001-இல், 1960-க்குப் பிறகேனும் இத்தனிமை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளிக்க, பிரதமர் கொய்சுமி மேல்முறையீடு செய்யாமல் மன்னிப்புக் கோரினார். அவ்வளவில் கறை கழுவப்பட்டதா என்றால், 2003-இல் அதே மாவட்டத்தின் வெந்நீரூற்று விடுதி ஒன்று குணமடைந்த முதியோருக்கு அறை தர மறுத்தது. அதைவிட உறுத்துவது பிறகு நடந்ததுதான்: விடுதியின் மன்னிப்பை அம்முதியோர் உடனே ஏற்காதபோது, அவர்களைத் தூற்றும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் காப்பகத்தில் குவிந்தன. பணிந்து நன்றி சொல்லும் நோயாளி இரக்கத்துக்கு உரியவர், உரிமை கேட்கும் நோயாளி திமிர் பிடித்தவர் என்னும் இந்தக் கணக்கு, விலக்கல் இரக்கத்தின் வடிவிலும் இயங்கும் என்பதைக் காட்டுகிறது. 2019-இல் குடும்பத்தாருக்கும் இழப்பீடு தரத் தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் அப்போதும் தம் பெயரை வெளியிடவில்லை.

இந்தியாவின் கதை வேறு தடத்தில் சென்றாலும் சட்டத்தின் பங்கு இங்கும் சிறிதன்று. 1890-91-இல் இங்கே ஆய்வு நடத்திய தொழுநோய் ஆணையம், தொற்றும் வாய்ப்பு குறைவு என்று கூறிக் கட்டாயத் தனிமையைப் பரிந்துரைக்கவில்லை. அதை மீறி 1898-இல் இயற்றப்பட்ட சட்டம், பிழைக்க வழியற்ற, பிச்சையெடுக்கும் நோயாளிகளைப் பிடித்து அடைக்க அதிகாரம் அளித்தது. வசதியுள்ள நோயாளி வீட்டிலேயே இருக்கலாம் என்பதால், தடுக்கப்பட்டது நோயா வறுமையா என்ற ஐயம் அன்றே எழுந்திருக்க வேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த பின்னர், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ குணமாகும் நோயாக இது மாறிவிட்டது. 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ 2016 வரை ஏட்டில் இருந்தது; தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற பிரிவுகள் இந்துத் திருமணச் சட்டம் உள்ளிட்டவற்றிலிருந்து 2019-இல்தான் அகன்றன. தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் மீதான பாகுபாட்டைத் தடுக்க ஒரு தனிச் சட்டத்தின் வரைவை ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-இல் அளித்தது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழும் இந்நாட்டில், அந்த வரைவு இன்னும் சட்டமாகவில்லை.